மாத்திரைக்கு முன், காபிக்குப் பின்!

34 வயதில் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன் என்றால் ஆபீஸில் ஒருத்தரும் நம்புவதில்லை. "உனக்கா? ஒரு முடி கூட நரைக்கலையேப்பா!" என்கிறார்கள். பி.பி. என்னவோ தலைமுடி வழியாகத்தான் உள்ளே இறங்கும் என்பது போல!

மூன்று தனித்தனி நாளில் பார்த்தும் 158/98-க்குப் பக்கத்திலேயே நின்றதால், 'அம்லோடிபின் 5 மி.கி., தினம் ஒன்று' என்று எழுதினார் டாக்டர். மற்றவர்கள் "எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்று கேட்பார்கள். நான் கேட்டது, "டாக்டர்... காபி?"

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"வீட்டுல மூணு, ஆபீஸ்ல மூணு." (விருந்தாளி வந்தால் அவருக்குத் துணையாகக் குடிப்பது தனிக் கணக்கு.)

இது நாக்கு கேட்ட கேள்வி இல்லை சார். எங்க அப்பாவுக்கு 2009-ல் பி.பி. மாத்திரை ஆரம்பித்தபோது, யாரோ ஒரு புண்ணியவான் "மாத்திரை போட்டா காபி வாசனையே ஆகாது, ரெண்டும் சேர்ந்தா விஷம்" என்று சொல்லிவிட்டார். அப்பா ரெண்டு நாள் யோசித்தார். மூணாம் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். கும்பகோணத்துக்காரர் காபியை நிறுத்துவதாவது! எட்டு மாசம் போச்சு. ஒருநாள் காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவருக்கு வலது கை அப்படியே தொங்கிவிட்டது. இன்றைக்கும் டம்ளரை இடது கையில்தான் பிடிக்கிறார். சிந்திவிடும் என்று அம்மா முக்கால் டம்ளருக்கு மேல் ஊற்றுவதில்லை. காபி அவரைச் சாய்க்கவில்லை, மாத்திரை இல்லாத அந்த எட்டு மாசம்தான் சாய்த்தது என்று அப்போது பார்த்த டாக்டர் சொன்னார்.

என் டாக்டர் பொறுமைசாலி. வெளியே 14 டோக்கன் காத்திருக்க, எனக்குப் பாடமே எடுத்துவிட்டார். நம் உடம்பில் அடினோசின் என்று ஒரு வஸ்து. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும், மதியம் மூணு மணிக்கு ஃபைல் மேல் தூங்க வைக்கும். காபியில் இருக்கும் கஃபீன் அதன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. போதாததற்கு அட்ரினலினையும் கிளப்பிவிடுகிறது. விளைவு, அரை மணியில் பி.பி. ஏற ஆரம்பித்து, ஒண்ணு ரெண்டு மணி நேரத்தில் உச்சிக்குப் போய், பிறகு மெல்ல இறங்குகிறது. பழக்கமில்லாதவர்களுக்கு 5 முதல் 10 பாயின்ட் வரை ஏறலாம். அம்லோடிபினோ குழாயைத் தளர்த்தப் பார்க்கிறது. ஒரே ஃபைலை செக்‌ஷன் ஆபீசர் மேலே தள்ள, சூப்பரின்டெண்ட் கீழே இழுக்கிற கதை. ஃபைல் கிழிவதில்லை. ஆனால் போக வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகவும் போவதில்லை.

2016-ல் கனடாவில் இதைச் சோதித்திருக்கிறார்கள். அம்லோடிபினுக்குப் பங்காளி முறையான பெலோடிபின் என்ற மாத்திரை. ரெண்டு நாள் காபியே தொடாதவர்களுக்கு மாத்திரையையும் காபியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு குறையவில்லை. ஆனால் மாத்திரையை மட்டும் போட்டபோது இறங்கிய அளவுக்கு பி.பி. இறங்கவில்லை. இதில் வேடிக்கை, தினம் குடிக்கிறவன் உடம்பு காபிக்குப் பழகிவிடுகிறது. ரெண்டு நாள் விரதம் இருந்துவிட்டு திங்கட்கிழமை காலை டபுள் ஸ்ட்ராங் அடிக்கிறவனுக்குத்தான் எகிறுகிறது!

(அதே பெலோடிபினை வைத்து 1989-ல் டேவிட் பெய்லி குழுவினர் கண்டுபிடித்தது இதற்கு நேர்மாறு. சாராயமும் மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கப் போய், சாராய ருசியை மறைக்க கிரேப் ஃப்ரூட் ஜூஸில் கலந்தார்கள். மருந்தின் அளவு ரத்தத்தில் தாறுமாறாக ஏறியது. குற்றவாளி சாராயம் இல்லை, ஜூஸ்! பம்ப்ளிமாஸுக்குச் சொந்தக்காரப் பழம்.)

எல்லா மாத்திரையும் ஒரே ஜாதி இல்லை. வெராபமில் சாப்பிடுகிறவர்களுக்குக் கஃபீன் உடம்பை விட்டுப் போகத் தாமதமாகும். பத்து மணி காபி மதியச் சாப்பாட்டுக்கும் கூடவே உட்கார்ந்திருக்கும். சிகரெட் பிடிப்பவர்களுக்கோ கஃபீன் சீக்கிரம் காலியாகிவிடும். திடீரென்று சிகரெட்டை விட்டவர் அதே ஆறு காபியைக் குடித்தால் படபடப்பு கூடும். 'சிகரெட்டை விட்டதாலதான் இப்படி' என்று பழையபடி பெட்டிக்கடைக்குப் போய் நிற்பார். கை வைக்க வேண்டியது காபியில்!

டாக்டர் யோசனைப்படி வீட்டிலேயே மிஷின் வாங்கி ஞாயிற்றுக்கிழமை சோதனை. காலை 7 மணி, காபிக்கு முன் 126/82. எட்டரைக்கு 135/88. பதினொன்றுக்கு 127/82. மூணு ஞாயிறும் ஏறக்குறைய இதே கதை. காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டே வந்த என் மனைவி பேனாவைக் கீழே வைத்தாள். "ஏங்க, நான் போட்ட டிகாக்‌ஷன்லதான் உங்களுக்கு பி.பி. ஏறுதுன்னு சொல்றீங்க, அதானே?" அதற்கு நான் சொன்ன பதில் மருத்துவ சம்பந்தமானதல்ல, விட்டுவிடலாம்.

ஆறு இப்போது மூணாகிவிட்டது. ப்யூர் காபிப் பொடி கட்சியிலிருந்தும் விலகி 70:30-க்கு வந்துவிட்டேன். சிக்கரியில் கஃபீன் கிடையாது. நம் ஊர்ச் சட்டப்படி 49 சதவீதம் வரை அதைக் கலக்கலாம். ரோபஸ்டா கொட்டையில் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீன் உண்டு. பொடிக் கடையில் இதைச் சொல்லிக் கேட்டால் அரைத்தே கொடுக்கிறார்கள். அப்பாவிடம் இந்த 70:30 விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. ஜாதியை விட்டே தள்ளிவிடுவார்.

டோக்கன் வாங்கிக்கொண்டு, 'இன்னும் எட்டு பேர் இருக்காங்களே' என்று கீழே போய் ஒரு காபி குடித்துவிட்டு மேலே வந்து பி.பி. பார்க்கிறார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். குறைந்தது அரை மணி முன்பிலிருந்து காபி, சிகரெட் கூடாது. அஞ்சு நிமிஷம் முதுகைச் சாய்த்துச் சும்மா உட்கார வேண்டும். இல்லையென்றால் கேன்டீன் காபிக்கும் சேர்த்து மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

மிஷினை ஒருநாள் ஆபீஸுக்கு எடுத்துப்போனதுதான் பெரிய கூத்து. ரேஷன் கடை க்யூ. அக்கவுன்ட்ஸ் சீனியர் சார் கையை நீட்டினார். 172/104. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தாலும் அதே. "காலையிலேர்ந்து நாலு காபிப்பா, அதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜப்பானில் 18,000 பேருக்கு மேல் பல வருஷம் கவனித்து 2022-ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். 160/100-ஐத் தொட்டவர்களும் தாண்டியவர்களும் தினம் ரெண்டு கப்போ அதற்கு மேலோ காபி குடித்தால், இதய நோய், பக்கவாதத்தால் சாகும் வாய்ப்பு காபி குடிக்காதவர்களைப் போல இரண்டு மடங்கு. ஒரு கப் குடித்தவர்களிடம் அது தெரியவில்லை.

"மாத்திரை ஆரம்பிச்சா காபியை விடணுமே?" என்றார். அப்பா கேட்ட அதே கேள்வி.

"ஒண்ணை விட வேண்டாம் சார். மூணை விட்டா போதும்" என்றேன்.

சனிக்கிழமை சாயந்திரம் 6 மணிக்கு டோக்கன் போட்டாச்சு. நானே வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறேன். அஞ்சரைக்கு மேல் அவரை கேன்டீன் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வது அட்டெண்டர் பொறுப்பு.