மாஹிம் கரையில் ஒரு கோதடி

மும்பையின் மாஹிம் கடற்கரையில் நீங்கள் அமர்ந்ததுண்டா? என் மனைவி நோயுற்று மருத்துவமனையில் இருந்த நாட்களில், மாலைதோறும் நானும் என் மாமியாரும் அங்கே சென்று அமர்வோம். எதிரே, 2009-இல் திறக்கப்பட்ட பாந்திரா-வொர்லி கடற்பாலம். அவர்கள் மடியில் கோதடி. பழைய பருத்திப் புடவைகளை அடுக்கி, நெருக்கமாக நூலோட்டித் தைக்கும் மராட்டியப் போர்வை அது. அடுக்கியவை யாவும் என் மனைவி உடுத்தியவை.

"பேசினால் அழுகை வருகிறது, மாப்பிள்ளை, தைத்தால் மனம் அடங்குகிறது" என்றார்கள்.

பிறருக்கு ஆறுதல் கூறியே பழகிய எனக்கு அன்று வார்த்தை வரவில்லை. ஊசியை வாங்கி நானும் தைத்தேன்; கோணலாகவே வந்தது. வீடு திரும்பிய மனைவி அந்தக் கோணல் வரிசையை விரலால் தடவிச் சிரித்தாள்.

நோயுற்றோர் வீட்டிற்குச் செல்லும்போது வார்த்தைகளைத் தேடித் தவிக்காதீர்கள்; அருகே அமர்ந்து, கைக்கு நேரிட்ட வேலையைச் செய்யுங்கள்.