நாடாவின் உறுமல்

மண்டகப்பட்டுக் குகைக்கோயிலின் கல்வெட்டு சிறியது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் ‘விசித்திரசித்தன்’ இதை எடுப்பித்தான் என்கிறது. விசித்திரசித்தன் என்றால் முதலாம் மகேந்திரவர்மன்; காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். இற்றுப்போகும் பொருளே வேண்டாம் என்ற ராஜா.

விழுப்புரம்–செஞ்சி சாலையிலிருந்து பிரிந்து அங்கே என்னை அழைத்துப்போன நண்பருக்கோ பிழைப்பே இற்றுப்போகும் பொருளோடுதான். கர்நாடக வித்வான்களின் பழைய ஸ்பூல் நாடாக்களைக் கணினிக்கு மாற்றுகிறவர் அவர்.

கல் எதையும் காப்பாற்றிவிடும் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், குடுமியான்மலையைக் காட்டுவார். புதுக்கோட்டைப் பக்கம் அந்தப் பாறையில் 38 வரிகளில், ஏழு பகுதிகளாக ஸ்வரக் கோவைகள் இருக்கின்றன. அதையும் மகேந்திரவர்மன் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. ஆய்வாளர்கள் எல்லாரும் ஏற்பதில்லை. எழுத்து அழியவில்லை. ஆனால் சில ஸ்வரங்களின் மேல் உள்ள புள்ளி எதைக் குறிக்கிறது என்பதில் இன்றும் வழக்குதான்.

சென்னையில் அவருடைய வேலையறை. கெட்டுப்போன அசிடேட் நாடாவின் பெட்டியைத் திறந்தால் காடி வாசம் மூக்கில் ஏறுகிறது. பாலியெஸ்டர் நாடாக்களில் சில ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும். மிதமான சூட்டில் பல மணி நேரம் உலர்த்தாமல் ஓட்டினால் காந்தத் துகள் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். ஓட்டும் இயந்திரங்களும் உதிரிபாகங்களும் அருகிவருவதால், 2025-ஐ ஒட்டிப் பல சேகரிப்புகளைக் கேட்கவே முடியாமல் போகலாம் என்று யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி-ஒளிக் காப்பகச் சங்கமும் 2019-லேயே எச்சரித்தன.

அவருக்கு மிகவும் பிடித்த கருவி ஒரு குறை: மின்சார உறுமல். பதிவின்போது கசிந்த 50 ஹெர்ட்ஸ் ஒலி நாடாவிலும் ஏறியிருக்கும். அது இப்போது 52-இல் கேட்டால் நாடா நான்கு சதவீதம் வேகமாக ஓடுகிறது. வித்வானின் சுருதியும் அரைக்கட்டையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிட்டது. அந்நாளில் மின்சாரமே 50-இல் நிலையாக நிற்காது என்பதால் தம்புராவையும் கேட்டுத்தான் முடிவு. ஆகவே முதல் பிரதியில் எதையும் துடைக்க மாட்டார்: உறுமல், இருமல், சுருதி சேர்ப்பது, அறிவிப்பாளர் குரல் எல்லாம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் அப்படியே ஏறும். ‘சுத்தம்’ செய்து இணையத்தில் ஏற்றுகிறவர்கள் மேல் அவருக்குத் தீராத கோபம்.

பழைய இசையைச் சேர்த்துவைக்க நிறுவனங்களும் உண்டு. சம்பிரதாயா என்ற இசைக் காப்பகம் 1980-இல் சென்னையில் தொடங்கியது. இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனத்தின் இசைக் காப்பகம் 1982-இல் வந்தது. மியூசிக் அகாடமியில் தொடுதிரையில் பழைய கச்சேரிகளைக் கேட்கலாம். இத்தனைக்கும் அடியில் கிடப்பது காதால் செய்யும் கூலி வேலை. ஒரு மணி நேர நாடா ஒரு மணி நேரம் ஓடியே தீர வேண்டும். பிறகு ராகம், உருப்படி, தாளம், பக்கவாத்தியம், சபா, தேதி என்று கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். உறையில் இருப்பது பெரும்பாலும் ஒரு பெயரும் மங்கிய மைக்கோடும்தான். நன்கொடையாளர் இயந்திரத்துக்குக் கொடுப்பார், வட்டுக்குக் கொடுப்பார். கேட்டு எழுதுகிறவரின் நேரம் பட்டியலில் ஏறாது. நாடாவை வாங்கிப் பூட்டிவைத்து விலை பேசும் சேகரிப்பாளர் வரும்போது மட்டும் அதே கச்சேரிக்கு மதிப்பு கூடிவிடுகிறது.

மிருதங்கம் யார் என்று தெரியாத நாடாக்களை மூத்த வாசிப்பாளர்களிடம் போட்டுக்காட்டுகிறார். புதுக்கோட்டை பாணியா, தஞ்சாவூர் பாணியா என்று தனி ஆவர்த்தனத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். சிலர் ஆளையே சொல்லிவிடுகிறார்கள். அவர்களை அழைத்துவரும் ஆட்டோ செலவுக்கு, அவர் பார்த்த எந்த நிதித் திட்டத்திலும் தலைப்பு இல்லை. கைக்காசைப் போடுகிறார்.