நாங்கள் வெட்டிய கருவை

எங்கள் வகுப்பில் மொத்தம் 38 பேர். வருகைப் பதிவேட்டில் முதல் 27 எண்கள் பையன்களுக்கு. 28-இலிருந்து 38 வரை பெண்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே அறையில்தான் உட்கார்ந்திருந்தோம். அத்தனை வருடங்களில் நான் எந்தப் பெண்ணிடமும் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. "சார் கூப்பிடுறாரு" என்று ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் இடையே கரிசல் காட்டுக்குள் இருந்த அரசு உயர்நிலைப் பள்ளி அது. 1999-இல் பத்தாம் வகுப்பு எழுதினோம். அதற்குப் பிறகு ஆளுக்கொரு திசை. திருப்பூர், சிவகாசி, துபாய், இரண்டு பேர் பட்டாளம். நான் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், மிச்ச நேரத்தில் கட்டுரை எழுதுகிறேன்.

2018-இல் '96' படம் வந்தபோது தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குப் பழைய வகுப்புத் தோழர்களைத் தேடும் காய்ச்சல் பிடித்ததல்லவா, எங்களுக்கும் பிடித்தது. வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். குழுவில் 19 பேர். எல்லாரும் பையன்கள். பெண்களின் நம்பர் யாரிடமும் இல்லை, கேட்கவும் கூச்சம். ஆறு வருடம் அந்தக் குழுவில் குட்மார்னிங் படங்களும் கல்யாணப் பத்திரிகைகளும் மட்டுமே வந்தன.

2024 பிறந்ததும் கீப்பர் ஒரு குரல்பதிவு போட்டான். அவன் எங்கள் அணியின் விக்கெட் கீப்பர், நாற்பது வயதிலும் அதுதான் அவனுக்குப் பெயர். "ஏலே, இருவத்தஞ்சு வருசம் ஆகுதுலே. மே மாசம் ஸ்கூல்ல வச்சுக் கூடுறோம். சும்மா பிரியாணி தின்னுட்டுக் கலையக் கூடாது. ஒரு மலர் போடுறோம். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதணும்." கடைசியில் என்னைப் பெயர் சொல்லி, "நீதான் எழுத்தாளராச்சே, நீயே பாத்துக்கோ" என்றான்.

நான் முதலில் செய்த வேலை, பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுப் பட்டியலை வாங்கியது. அதில் 33 பெயர்கள் இருந்தன. அதையே எங்கள் வகுப்பு என்று எடுத்துக்கொண்டேன். அது தப்பு என்று அப்போது தெரியவில்லை.

பெண்களில் ஒருவர் அதே ஊரில் அங்கன்வாடி டீச்சராக இருக்கிறார். கீப்பர் அவரைப் பிடித்தான். அவர் ஒரு வாரத்தில் எட்டுப் பேரைப் பிடித்தார். எங்களால் ஆறு வருடத்தில் முடியாதது.

*

பக்கங்கள் வர ஆரம்பித்தன. கோடு போட்ட நோட்டுத்தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினார்கள் சிலர். லாரி ஓட்டுகிறவன் ஒருவன் தூத்துக்குடி பைபாஸில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு 11 நிமிடம் பேசி அனுப்பினான். பின்னணியில் ஹாரன் சத்தத்தோடு அதைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். "எழுத்துப் பிழை இருந்தா தமிழய்யாகிட்ட சொல்லிராத" என்று ஒருவன் குறிப்பு வைத்திருந்தான். தமிழய்யா போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது.

பையன்கள் எழுதியதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். கணக்கு சாரின் பிரம்பு. சத்துணவில் முட்டை போடும் நாள். கொடுக்காப்புளி. கண்மாயில் தண்ணீர் வந்த வருடம் பள்ளிக்கூடத்துக்கு வராமல் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிட்ச்.

பிட்ச் பற்றி நானும் எழுதினேன். என் பக்கமே அதுதான். எத்தனையோ முறை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப் போன கதை அது. 1998 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் முடிந்த வாரம். டாக்காவில் பாகிஸ்தானுக்கு எதிரான இறுதி ஆட்டம். 315 ரன் அடிக்க வேண்டும். அன்று யாராலும் நினைத்துப் பார்க்க முடியாத எண். பஞ்சாயத்து டிவி முன்னால் ஊரே உட்கார்ந்திருக்க, இருட்டிக்கொண்டு வரும் மைதானத்தில் கனித்கர் என்ற, அதுவரை நாங்கள் பெயர்கூடக் கேட்டிராத ஒருவர், ஒரு பந்து மிச்சமிருக்கும்போது நான்கு அடித்து ஜெயிக்க வைத்தார்.

மறுநாள் காலை நாங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் வீட்டிலிருந்து அரிவாளும் கடப்பாரையும் கொண்டு வந்தோம். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் முழுக்க வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. பாம்பு இருக்கும், உள்ளே போகக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலம் வெட்டினோம். கையெல்லாம் முள். கட்டையைக் கரிமூட்டம் போடுகிறவருக்கு விற்று, அந்தக் காசில் ஒரு பேட் வாங்கினோம். குடியரசு தினத்துக்கு அடுத்த நாள் முதல் ஆட்டம். ஏப்ரலில் சச்சின் ஷார்ஜாவில் அடித்த அடியையெல்லாம் நாங்கள் அந்தப் பிட்சில் மறுபடி அடித்தோம்.

2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி, ஊரெல்லாம் அரிவாளோடு கிளம்பிய நாட்களில் இதை ஒரு கட்டுரையாகவும் எழுதியிருக்கிறேன். "நீதிமன்றத்துக்கு 19 வருடம் முன்பே நாங்கள் வெட்டிவிட்டோம்" என்று முடியும். நிறையப் பேருக்குப் பிடித்த கட்டுரை. எனக்கும்.

என் பக்கத்தைக் குழுவில் போட்டேன். இதய குறிகள் குவிந்தன. அங்கன்வாடி டீச்சர் மட்டும் ஒன்றும் போடவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு செய்தி வந்தது. "34-ஆம் நம்பர் ஞாபகம் இருக்கா? அவங்களும் எழுதலாமா? பத்தாவது எழுதல. ஒம்பதாவதோட நின்னுட்டாங்க."

எனக்கு முகம் ஞாபகம் வரவில்லை. எண்ணும் குரலும் மட்டும் வந்தன. முப்பத்து நாலு, "உள்ளேன் ஐயா". குழுவில் கேட்டேன். "பத்தாவது பேட்ச் தானே கூடுறோம்" என்று ஒருவன் இழுத்தான். அவன் அப்படிச் சொல்லக் காரணமே நான் போட்ட பட்டியல்தான். அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். 38-இல் 33. மிச்சம் ஐந்து பேர். அதில் மூன்று பேர் பெண்கள்.

*

அவருடைய பக்கம் டீச்சரின் போனிலிருந்து வந்தது. ஆறேழு வரிதான்.

"நீங்க எழுதினத டீச்சர் படிச்சுக் காட்டினா. நல்லா இருந்துச்சு. அந்தக் கருவைக்குள்ளதான் நாங்க ஒண்ணுக்குப் போவோம். பள்ளிக்கூடத்துல வேற இடம் கிடையாது. இன்டர்வல் பெல் அடிச்சதும் நாலு நாலு பேராப் போவோம், ரெண்டு பேரு காவல் நிப்போம். பொங்கல் லீவு முடிஞ்சு ஒரு வாரத்துல வெட்டவெளி ஆயிருச்சு. அதுக்கு அப்புறம் நாங்க பதினோரு பேரும் காலையில தண்ணி குடிக்கிறத விட்டுட்டோம். நீங்க விளையாடும்போது நாங்க ஜன்னல் வழியா பாப்போம். யாரு ஜெயிச்சாங்கன்னு பாக்கல. எப்போ முடிப்பீங்கன்னு பாத்தோம்."

நான் அதை அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

முதலில் என் மனதில் ஓடியது, நேர்மையாகச் சொன்னால், வருத்தம் இல்லை. தற்காப்பு. எங்களுக்கு எப்படித் தெரியும்? பாம்பு இருக்கும் என்றுதானே சொன்னார்கள்? கழிப்பறை கட்டாதது எங்கள் தப்பா? பிறகு யோசித்தேன். பெல் அடித்ததும் பெண்கள் கூட்டமாகப் பின்பக்கம் போனதை நான் பார்த்திருக்கிறேன். வருடக்கணக்கில், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. எங்கே போகிறார்கள் என்று தெரியாமலா இருந்தேன்? தெரியும். தெரியும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வைத்திருந்தேன். அவர்களிடம் பேசக் கூடாது என்ற பழக்கம், அவர்களைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்பதுவரை வளர்ந்திருந்தது.

குழுவில் சத்தமே இல்லை. இரவு பத்து மணிக்கு ஒருவன், "நல்ல நாளும் அதுவுமா இதெல்லாம் எதுக்கு மலர்ல? வாத்தியார்மாரெல்லாம் வருவாங்க, சங்கடப்படுவாங்க" என்று போட்டான். இரண்டு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். கீப்பர் மட்டும் எனக்குத் தனியாக எழுதினான்: "எங்க அக்கா எனக்கு ரெண்டு வருசம் சீனியர்டா. அதே ஸ்கூல். ஒரு நாளும் சொன்னதில்ல."

*

டீச்சரிடம் நம்பர் வாங்கி அவரை அழைத்தேன். வகுப்பில் இருந்தவரை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. பையன்கள் என்றால் எத்தனை வருடம் கழித்துப் பார்த்தாலும் "ஏலே"தான். அவரிடம் "வணக்கம்ங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"என்னங்க, ஆபீசர்ட்ட பேசுற மாதிரி பேசுறீங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் அழைத்தேன். ஆனால் அவர் அதைக் கேட்கும் ஆர்வத்தில் இல்லை. எங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி அவர் ஊர். எட்டேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப அஞ்சரை ஆகும். ஒன்பது மணி நேரம். "வீட்டுக்கு ஒதுக்கமா ஆன நாள்கள்ல லீவு போட்டுருவேன். மாசம் நாலு நாள். கணக்குல அந்த நாலு நாள் பாடம் எப்பவும் புரியாது."

"அதனாலதான் நின்னீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "அப்படிச் சொன்னா பொய்யாப் போகும். அப்பாவுக்குக் கடன் இருந்துச்சு. அக்கா கல்யாணம் இருந்துச்சு. தீப்பெட்டி ஆபீசுக்குப் போறியான்னு அம்மா கேட்டா. மத்த பிள்ளைக அழுவாளுக. நான் அழல. ஏன்னா ஆபீசுல கக்கூஸ் இருந்துச்சு. கொண்டி சரியா விழாது. ஆனா கதவு இருந்துச்சு."

நான் பேசாமல் இருந்தேன். 1996 டிசம்பரில், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் இருந்த குழந்தைகள் தொடர்பான வழக்கில், ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அது 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு. அவருக்கு 14 முடிந்திருந்தது. எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் கழிப்பறை வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது 2012 அக்டோபரில். அவர் நின்று 14 வருடம் கழித்து. இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் விழுந்தவர் அவர்.

என் பக்கத்தை எடுத்துவிட்டு வேறு எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? நீங்க அத எடுத்துட்டா நான் யாருக்குப் பதில் சொன்னேன்னு படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? இருக்கட்டும். நீங்க சந்தோசமா இருந்தது பொய்யில்லல்ல." கொஞ்சம் நிறுத்தி, "பேரு மட்டும் போட வேண்டாம். மகளுக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார்.

அப்படியேதான் அச்சடித்தோம். இடது பக்கம் நான், வலது பக்கம் 34. வேண்டாம் என்றவனிடம் கீப்பர் என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது, அவன் பிறகு வாய் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் குழுவில் சுற்றிய பிறகு, ஏற்கெனவே எழுதித் தந்திருந்த மற்ற பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பக்கத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பிரம்பும் முட்டையும் கொடுக்காப்புளியும் போய், வேறு ஒரு பள்ளிக்கூடம் அந்தத் தாள்களில் வந்தது. முதலில் அவர்கள் எழுதியது எங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்து எழுதியது.

*

மே மாதம் கூடினோம். 26 பேர் வந்திருந்தார்கள். ஏழு பேர் பெண்கள். 34 வந்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். வரவில்லை. அவருக்கு என்னை நன்றாகத் தெரிந்திருந்தது. "நீங்க லெக் சைடுல நிப்பீங்க. ஜன்னல்ல இருந்து பாத்தா முதுகுதான் தெரியும்" என்றார்.

பள்ளியில் இப்போது கழிப்பறை இருக்கிறது. ஓடு பதித்து, நீல வண்ணக் கதவு போட்டது. மோட்டார் கெட்டுப் போய் இரண்டு மாதமாம். நன்கொடையாகச் சேர்ந்த பணத்தில் பையன்கள் மேடை கட்டலாம் என்று வைத்திருந்தோம். டீச்சர் எழுந்து, "மோட்டார மாத்துங்க, மிச்சத்துக்கு மேடையைப் பாக்கலாம்" என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். பிட்ச் இருந்த தடமே இல்லை. வேலிக்கருவை வேரோடு தோண்டாவிட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, உள்ளே போனால் வெளியே தெரியாத அளவுக்கு அடர்ந்து கிடந்தது.

34 அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்போ வளந்து என்ன செய்ய" என்றார். அங்கன்வாடி டீச்சர் சிரித்தார். அப்புறம் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு பந்தலைப் பார்த்து நடந்தார்கள். அங்கே தண்ணீர் கேன் வைத்திருந்தோம். 34 ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார், இன்னொரு டம்ளர் பிடித்தார்.