தென்கடல் ஓரமாக: முத்துநகர்க்காரர்கள்

சென்ற இதழில் பார்த்த பழைய முத்துத்துறையான கொற்கையிலிருந்து வடக்கே தூத்துக்குடிக்கு வந்தால் முள்ளக்காட்டு உப்பளங்கள், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், வ.உ.சி. துறைமுகத்து நிலக்கரிக் குவியல் என்று வரிசையாக எதிர்ப்படுகின்றன. முத்து மட்டும் எங்கும் இல்லை. ஆனாலும் தூத்துக்குடியின் செல்லப்பெயர் முத்துநகர்தான். "முத்துநகர்ல டிக்கெட் கிடைச்சுதா?" என்று கேட்டால் சென்னை ரயிலைத்தான் கேட்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும், எக்ஸ்பிரஸ் என்று யாரும் நீட்டுவதில்லை. ஆஸ்திரேலியரை ஆஸி என்கிறோம். அவர்களும் தங்களை அப்படியே சொல்லிக்கொள்கிறார்கள். உரியவரே உரிமையோடு சொல்லும்போதுதான் பட்டப்பெயர் நிலைக்கிறது. முத்துநகரும் அப்படி நிலைத்த பெயர் என்பதே என் எண்ணம்.

கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துவிட்டது, இனி உப்புநகர் என்பதே பொருத்தம் என்று சொல்வோர் உண்டு. ஆனால் முத்து இந்தக் கரையில் எந்தக் காலத்திலும் ஆண்டுதோறும் கிடைத்ததில்லை. பார்கள் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டுகளில் சிப்பி விளைந்தால்தான் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு கூடும். 1928-க்குப் பிறகு 1955 வரை இங்கே சலாபமே நடக்கவில்லை. அதனால் பெயர் போய்விடவில்லை. ஹைதராபாத்தையும் முத்துக்களின் நகரம் என்கிறார்களே என்றால், அது முத்தை வாங்கி, துளையிட்டு, விற்ற ஊர். தூத்துக்குடி மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிய ஊர். 1973-இல் இந்தியாவில் உருண்டையான வளர்ப்பு முத்தை முதலில் உருவாக்கிய ஆய்வும் இங்கேதான் நடந்தது.

எளிதில் தள்ளிவிட முடியாத மறுப்பு வேறொன்று. இந்தப் பெயரின் பெருமையில், முத்துக் குளித்தவனுக்கு என்ன பங்கு? கொற்கைப் பகுதியில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகச் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ் சொல்கிறது. பிறகு பாண்டியர், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பங்கு கேட்கும் கைகள் மாறின. மூழ்கியவர் பெரும்பாலும் இக்கரைப் பரதவரும் முஸ்லிம்களுமே. கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து நேரே அடியில் போய் நிற்பார்கள். மூச்சுத் தாங்கும் ஒரு நிமிட நேரத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பியை எல்லாம் வலைப்பையில் அள்ளிப்போட்டுக் கயிற்றை அசைப்பார்கள். மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். ஆங்கிலேயர் காலத்தில் கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாக்கி இரண்டை அரசு எடுத்துக்கொண்டது. மிச்சம் ஒன்றில்தான் படகுக்கும் ஆளுக்கும் கூலி. அந்த மூன்றிலொரு பங்குக்காகப் போன உயிர்களும் கெட்ட செவிகளும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இவ்வளவு கொடுமை தாங்கிய பெயரை விட்டுவிடலாமே என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. விட்டுவிட்டால் குளியாளிகளின் கடைசி அடையாளமும் போய்விடும். நிலக்கரியும் உப்பும் அவர்களை நினைவூட்டப் போவதில்லை. முத்துநகர் என்பது நகையைக் குறிக்கும் பெயராக இல்லாமல் ஆட்களைக் குறிக்கும் பெயராகப் புழங்க வேண்டும். பனிமய மாதா திருவிழாவுக்கோ வேறு வேலைக்கோ இந்த ஊருக்கு வருகிறவர்கள், கடையில் முத்துமாலை விலை கேட்பதோடு திரும்பிவிடாமல் திரேஸ்புரம் கடற்கரைக்கும் போய் வாருங்கள். முத்து இல்லாவிட்டாலும் சங்குக்காக இன்றும் கடலடிக்கு இறங்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.