கடல் மாதிரி ஓர் ஏரி... படகில் ஒரு கோடை!

பெயர்தான் ஏரி. சிகாகோ நகரத்தை ஒட்டிய மிச்சிகன் ஏரியின் நீளம் சுமார் 490 கி.மீ.; நடுவில் போனால் கரையே தெரியாது. கோடை வந்தால் படகு வைத்திருக்கும் குடும்பங்கள் இதன் கிழக்குக் கரையோரமாகத் துறைமுகம் துறைமுகமாகப் போகக் கிளம்பிவிடுகின்றன.

அவசரத்துக்கு ஒதுங்க வசதியாக, சுமார் 50 கி.மீ.க்கு ஒரு புகலிடத் துறைமுகம் என்று கணக்குப் போட்டு அமைத்திருக்கிறது மிச்சிகன் மாநிலம். ஹாலந்தில் செக்கச்செவேலென்று கலங்கரை விளக்கம். லீலண்டில் பழைய மீனவர் குடிசைகள், புகையில் வாட்டிய மீன். வடகோடி நீரிணையைத் தாண்டினால் மேக்கினா தீவு. அங்கே 1898-லேயே காருக்குத் தடை. குதிரை வண்டியும் சைக்கிளும்தான்!

ஜூலையில் படகு நிறுத்த முன்பதிவு அவசியம். வம்பும் அதில்தான். மேற்குக் காற்று வலுத்தால் துறைமுக வாயிலில் அலைகள் நெருக்கமாக, செங்குத்தாக எழும்பும். ‘பணம் கட்டியாச்சே’ என்று அன்றைக்குப் புறப்படுவது உயிரோடு விளையாடுவது. வாரத்தில் இரண்டு நாளையாவது காலியாக விட்டுத் திட்டம் போடுவதே புத்திசாலித்தனம். காற்று அடங்கும்வரை பிள்ளைகள் ஏறிச் சறுக்க, அந்தக் கரை நெடுக மணல்மேடுகள் இருக்கின்றன.