புரட்டிப் போட்ட கற்கள்

அண்டார்க்டிகாவிலிருந்து ஒரு கல்லைத் திருடிக்கொண்டு வந்தேன். கோழி முட்டை அளவுள்ள வெள்ளைக் குவார்ட்ஸ் கல். அந்த ஒன்றைப் பொறுக்குவதற்காக எத்தனையோ கற்களைப் புரட்டிப் பார்த்தேன். பிடிக்காதவற்றைப் புரண்ட வாக்கிலேயே விட்டுவிட்டு நடந்தேன். கப்பல் ஏறும்முன் தந்த படிவத்தில், அந்நிலத்துப் பொருள் எதுவும் என்னிடம் இல்லை என்று கையெழுத்தும் போட்டேன். மூன்றில் பெரிய குற்றம் அந்தப் பொய்க் கையெழுத்துதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. புரட்டிப் போட்டதுதான் பெரிது.

நான் விஞ்ஞானி இல்லை. ஜெனரேட்டர்களையும் பனிவண்டிகளையும் பழுதுபார்க்கப் போனவன். எந்த ஆண்டு, எந்த நிலையம் என்பதை எழுதாமல் விடுகிறேன். உடனிருந்தவர்கள் ஒழுங்காக நடந்துகொண்டார்கள். என் பழி அவர்கள்மேல் விழக்கூடாது. எல்லாருக்கும் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 1989 முதல் இயங்கும் இந்தியாவின் மைத்ரி நிலையம் ஷிர்மாக்கர் பாலைச்சோலையில் இருக்கிறது. 2012இல் தொடங்கிய பாரதி, லார்ஸ்மான் குன்றுகளில் இருக்கிறது. இரண்டுமே பனிப்பாளம் மூடாத பாறைத் தரைகள். அப்படிப்பட்ட தரை, கண்டம் முழுவதையும் கூட்டினாலும் நூற்றில் அரைப் பங்குகூடத் தேறாது. அங்கே நிலத்தில் வாழும் உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு அதைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை. கட்டடம் கட்ட இடம் தேடும் மனிதனும் அதே தரைக்குத்தான் போகிறான்.

புறப்படும் முன் எல்லாம் சொல்லித்தான் அனுப்பினார்கள். பென்குயினை நெருங்காதே, பாசியையும் லைக்கனையும் மிதிக்காதே, எதையும் எடுத்து வராதே. பறவைகள் விஷயத்தில் நான் அப்படியே நடந்தேன். ஸ்குவா கூடு கட்டியிருந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு, கூடுதல் தூரம் நடந்து போயிருக்கிறேன். பாறை இடுக்கில் தெரிந்த கொஞ்சூண்டு மாஸ் மெத்தையைப் பார்த்துப் பூரித்து, காலைத் தள்ளி வைத்திருக்கிறேன். என் கண்ணுக்கு உயிர் என்று பட்டவற்றுக்கு மரியாதை கொடுத்தேன். கல்லை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

ஒருநாள் வேலை முடிந்து, இரவு என்று கடிகாரம் மட்டும் சொன்ன வெயிலில் தனியாக நடக்கப் போனேன். சரளைத் தரையில் வெள்ளைக் கற்கள் மின்னின. ஒன்றைப் பெயர்த்தெடுத்தபோது அடிப்பக்கத்தில் பச்சை தெரிந்தது. மண்ணோடு சேர்ந்து, நகம் கனத்துக்கு ஈரமாக ஒட்டியிருந்தது. பாசி என்று உடனே தெரிந்துவிட்டது. இதை நான் மறைக்கப்போவதில்லை: தெரிந்த பிறகுதான் அடுத்த கல்லையும் பெயர்த்தேன். பச்சை ஒட்டாத, சுத்தமான கல் வேண்டும் என்று தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியில் வடிவம் பிடித்த ஒன்றை எடுத்து வந்து, அடியிலிருந்த பச்சையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினேன்.

ஊருக்கு வந்த பிறகு, ஒரு கல்லூரிக் கூட்டத்தில் துருவப் பகுதி நுண்ணுயிர்களைப் பற்றி ஒருவர் படம் காட்டிப் பேசினார். திரையில் வந்தது நான் புரட்டிய அதே மாதிரிக் கல். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

குவார்ட்ஸ் கொஞ்சம் ஒளியைக் கசியவிடும் கல். மேலே அடிக்கும் வெயிலில் மிகச் சிறு பங்குதான் அடிவரை போய்ச் சேர்கிறது. ஒளிச்சேர்க்கைக்கு அது போதும். புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைக் கல்லே தடுத்துவிடுகிறது. வசந்தகாலத்தில் ஓசோன் மெலிந்துபோகும் வானத்தின்கீழ் அது சாதாரணக் காவல் இல்லை. உருகிய பனியின் ஈரம் கல்லுக்கு அடியில் மட்டும் சற்றுநேரம் கூடுதலாகத் தங்கும். காற்று அரிக்காது. வெயிலில் கல் சூடேறும்போது அடிமண்ணும் கொஞ்சம் இளகும். இந்தச் சிறு சலுகைகளை வைத்துத்தான் அந்தப் பச்சை பிழைக்கிறது. அதில் மிகுதியும் நீலப்பச்சைப் பாசிகள். இன்றைய வகைப்பாட்டில் அவற்றைப் பாக்டீரியாக்களோடு சேர்க்கிறார்கள். கூடவே பசும்பாசிகளும் இருக்கும். கோடையில் சில வாரங்கள், அதிலும் நீர் இருக்கிற நேரங்களில் மட்டும்தான் வளர்ச்சி. மற்ற நாளெல்லாம் உறைந்தும் காய்ந்தும் கிடக்க வேண்டும். நான் பல்துலக்கியால் தேய்த்த அந்த மெல்லிய படலம் சேர எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

அண்டார்க்டிகாவில் இயல்பாக வளரும் பூக்கும் தாவரம் இரண்டே இரண்டு. அவையும் தீபகற்பத்தின் பக்கத்தில்தான். எங்கள் நிலையங்கள் இருக்கும் கிழக்கு அண்டார்க்டிகாவில் பூச்செடி என்று ஒன்றுமே கிடையாது. அங்கே மாஸும் லைக்கனும் பாசியும்தான் காடு, வயல், புல்வெளி எல்லாம். காற்றிலுள்ள கரியை உணவாக்குவதும், சில இனங்கள் நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதும் அவற்றின் வேலை. நூற்புழுக்களும் நீர்க்கரடிகளும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணிகளும் அந்த விளைச்சலில்தான் உயிர் வாழ்கின்றன. எங்கள் ஊரில் நாற்றங்காலுக்குள் செருப்புக் காலோடு எவனும் இறங்கமாட்டான். அந்த ஊரில் பிறந்த நான், இன்னொரு நிலத்தின் நாற்றங்காலைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தப் பச்சை எவ்வளவு என்பதும் பிறகுதான் புரிந்தது. 2004இல் சார்லஸ் காக்கெல், டேல் ஸ்டோக்ஸ் என்ற இருவர் கனடா ஆர்க்டிக்கின் டெவன், கார்ன்வாலிஸ் தீவுகளில் கற்களைப் புரட்டி ஆராய்ந்ததை வெளியிட்டார்கள். அவை ஒளி புகாத கற்கள். ஆனாலும் சுமார் 95 சதவீதக் கற்களின் அடியில் பச்சை இருந்தது. தரை உறைவதும் இளகுவதுமாக இருப்பதால் கற்கள் நகர்கின்றன; அந்த விளிம்பு இடுக்குகள் வழியே ஒளி உள்ளே போகிறது. மேலே தெரியும் செடி, லைக்கன், மாஸ் எல்லாம் சேர்ந்து அந்நிலத்தில் விளைவிக்கும் அளவுக்கு, கல்லடிப் பாசி மட்டுமே விளைவிக்கக்கூடும் என்பது அவர்கள் கணக்கு. வெறும் சரளை என்று நான் நடந்த தரையை அதன் பிறகு நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

இன்னும் உள்ளே போனால், பாறைக்குள்ளேயே பாசி இருக்கிறது. இம்ரே ஃப்ரீட்மனும் ரோஸெலி ஒகாம்போவும் அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ வறள் பள்ளத்தாக்குகளின் மணற்கல்லை உடைத்து, துகள்களுக்கு இடையே வாழும் நீலப்பச்சைப் பாசியைக் கண்டு 1976இலேயே அறிவித்துவிட்டார்கள். நான் போனது அதற்கு எவ்வளவோ காலம் கழித்து. காலத்தின் அறியாமை என்றும் நான் தப்பிக்க முடியாது.

ஒரு சாக்கு மட்டும் கொஞ்சநாள் ஆறுதல் தந்தது. அதே வறள் பள்ளத்தாக்குகளில் ஒன்றான டெய்லர் பள்ளத்தாக்கில் சுமார் 20 ஆண்டுகள் வறண்டு கிடந்த ஒரு பழைய ஓடையில் டயேன் மெக்நைட்டும் குழுவினரும் 1990களில் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். காய்ந்து கிடந்த பாசி விரிப்புகள் சில நாட்களிலேயே மறுபடி உயிர்ப்போடு இயங்கத் தொடங்கின. அப்படியானால் நான் புரட்டியதும் பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நேர்மையில்லாத வாதம். ஓடைப் பாசி வறட்சியில் உறங்கியது, அது இருந்த இடத்திலேயே. நீர் திரும்ப வந்ததும் எழுந்தது. வெயிலைத் தடுக்கும் நிறமிகளும் திறந்த வெளிப் பாசிகளிடம் உண்டு. கல்லடிப் பாசி நிழலுக்குப் பழகியது. அதன் கூரையை எடுத்துக் கவிழ்த்து, முழு வெயிலுக்கும் காற்றுக்கும் கொடுத்தவன் நான். மழை பெய்து சரிசெய்யும் ஊரும் இல்லை அது. அந்தத் தரையில் ஒரு காலடித் தடம்கூடப் பல்லாண்டு அழியாமல் கிடக்கும்.

கல் இப்போது என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டு, கல்லோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டேன். திரும்ப அங்கேயே கொண்டுபோய் வைத்துவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன், கூடாது என்றார்கள். இத்தனை ஆண்டு என் வீட்டுத் தூசியில் கிடந்த கல்லில் நம் ஊர் நுண்ணுயிர்கள் ஏறியிருக்கும். அதை அங்கே வைப்பது இன்னொரு குற்றமாகிவிடும்.

மாட்ரிட்டில் 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் நெறிமுறை, அண்டார்க்டிகாவின் தாவரங்களோடு பாசியையும் சேர்த்தே காக்கிறது. இனி அங்கே வேலைக்குப் போகும் தம்பி, தங்கைகளே, மெக்கானிக்காக இருந்தாலும் சமையல்காரராக இருந்தாலும் அந்தச் சட்டம் உங்களுக்கும்தான். கற்களைத் தொடாதீர்கள். தவறிக் காலில் பட்டு ஒன்று புரண்டுவிட்டால், பச்சைப் பக்கம் கீழே இருக்கும்படி, அது கிடந்த குழியிலேயே அப்போதே வைத்துவிடுங்கள். வைத்த கையோடு குழுத் தலைவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள்.