தாளம் போடுகிறவர்

எங்கள் ஊர்களில் தலைமை என்றால் ஒரு கதிரை. சனசமூக நிலைய ஆண்டு விழாவில் மேசைக்கு நடுவே போட்டிருக்கும். அதில் இருப்பவருக்குத்தான் முதல் மாலை, நீளமான பேச்சு எல்லாம். இருபது வயதில் எனக்கு அந்தக் கதிரையில் ஒரு கண். தலைமையுரை ஒன்றை எழுதி மனப்பாடமும் பண்ணி வைத்திருந்தேன். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. ஊர் தப்பியது.

அந்த வயதில்தான் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டேன். 1933இல் பிறந்து 1975இல், நாற்பதைத் தாண்டிய கையோடு போய்ச் சேர்ந்த மனிதர். யாழ்ப்பாணத்தில் இணுவில், அளவெட்டி என்றாலே மேளம்தான். அந்த மண்ணிலிருந்து போனவரைத் தமிழ்நாட்டு வித்துவான்களும் கொண்டாடினார்கள். திருவிழா இரவுகளில் மேளச்சமா விடியும்வரை நடக்கும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சனம் தவிலடிக்கு நெருங்கும். நானும் நெருங்கினேன்.

பக்கத்தில் நின்ற வயதான ஒருவர், "தம்பி, அங்காலயும் ஒருக்காப் பாரும்" என்று நாதஸ்வரக்காரரைக் காட்டினார். அதுவரை சமாவை நடத்தி வந்தவர், குழலை வைத்துவிட்டுக் கையால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தவில் எந்தக் கணக்குக்குள் புகுந்து எங்கே மறைந்தாலும் அவர் கை விரையவுமில்லை, இழுபடவுமில்லை. தனியை முடிக்கும் தீர்மானம் வந்து விழுந்தபோது முதலில் தலையாட்டியவரும் அவரே. பிறகு குழலை எடுத்து, விட்ட இடத்தில் பாட்டைப் பிடித்தார். அன்று எனக்கு அது பெரிதாகப் படவில்லை. தவில்தான் காதுக்குள் நின்றது.

2020இல் ஊரடங்கு வந்தது. இங்கேயும் வெளிநாட்டிலும் இருக்கிற இளம் பிள்ளைகள் சிலர் சூமில் தலைமைத்துவ வகுப்பு வைத்தார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் சும்மாதானே இருக்கிறார் என்று என்னையும் கூப்பிட்டார்கள். பழைய தலைமையுரை தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, எல்லாரையும் சேர்ந்து ஆதி தாளம் போடச் சொன்னேன். எட்டு எண்ணிக்கைதானே. ரொறன்ரோ, இலண்டன், கோண்டாவில் மூன்றும் சேர்ந்து தட்ட, ஓட்டுக் கூரையில் மாங்காய் கொட்டின மாதிரி இருந்தது.

"ஐயா, நாங்கள் பிழை விட்டிட்டமோ?"

"இல்லைப் பிள்ளை, சத்தம் பிந்தி வருது."

சேர்ந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு செக்கனில் முப்பதில் ஒரு பங்கு பிந்தினாலே தாளம் தள்ளாடத் தொடங்கும். கண்டம் கடந்து வரும் ஒலி அதைவிடப் பல மடங்கு பிந்தும். போதாததற்கு, ஒரே சீராக ஒலிக்கும் சுருதிப்பெட்டியை இரைச்சல் என்று நினைத்து சூம் அமத்தப் பார்க்கும். மூல ஒலியை அப்படியே விடு என்று அதற்கு நாங்கள்தான் சொல்லிவைக்க வேண்டும்.

ஆகவே முறையை மாற்றினோம். ஒருவர் பாடுவது; மற்றவர்கள் மைக்கை மூடிவிட்டு அவரவர் வீட்டில் தாளம் போடுவது. பாடி முடிந்ததும் பாடியவர் மைக்கை மூட, காலம் எங்கே ஓடியது, எங்கே தங்கியது என்று மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொல்வது. வகுப்பில் அதிகம் பேசுகிற தம்பி திரையில் மற்றவர்களின் கையைப் பார்த்துப் பார்த்துப் பாடினான். பிந்தி வரும் கைக்காகக் காத்திருந்ததில் பாட்டே படுத்துவிட்டது. வாயே திறக்காத ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். காலப்பிரமாணம் இம்மியும் அசையவில்லை. அடுத்த கிழமை யார் கூட்டத்தை நடத்துவது என்று பேச்சு வந்தபோது, "அவ நடத்தட்டும் ஐயா, நான் தாளம் போடுறன்" என்றான் அந்தத் தம்பி. அப்போதுதான் அந்தத் திருவிழா இரவு எனக்கு விளங்கியது.

நியூயோர்க்கில் ஓர்ஃபியஸ் என்ற வாத்தியக் குழு 1972இலிருந்து நடத்துநர் இல்லாமலே வாசிக்கிறது. தலைமை ஆளுக்காள் மாறும். முகாமைத்துவம் படிப்பிப்பவர்கள் அதை உதாரணம் காட்டுகிறார்கள். எங்கள் கோயில் வீதியில் அதே பாடம் விடிய விடிய இலவசமாக நடந்திருக்கிறது.

இப்போது பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள். மற்றவர் பேசி முடிக்கும்வரை மைக்கை மூடி வையுங்கள். நன்றாகச் செய்தவருக்கு முதல் ஆளாகத் தலையாட்டுங்கள். இதற்கு மேலும் தலைமைத்துவத்தில் ஏதும் இருந்தால், அதை அந்தப் பிள்ளைகளிடம்தான் நான் கேட்டுப் படிக்க வேண்டும்.